மேசை, விளக்கு, கெட்டில்

— அந்த வார்த்தைய நான் சொல்லித் தரலையே.

— ...

— இப்ப மறுபடியும் ஊமையா? கையில டீ கொட்டின உடனே சொன்னீங்களே, அதத்தான் கேக்கறேன். என் பட்டியல்ல சமையல்கட்டுச் சாமான் மட்டும் அறுபது இருக்கு. அதுல அது கிடையாது.

— ஸாரி... டீச்சர்... நான்... இங்கிலீஷ்... கொஞ்சம்...

— போதும் ரிமாஸ். கைக்குக் கட்டும் போட்டாச்சு, மத்தவங்களும் போயாச்சு. நேரா கேக்கறேன், நேரா சொல்லுங்க. லித்துவேனியாவுல பிறந்து வளர்ந்த மனுசன், ஆறு வாரமா வாயே திறக்காத மனுசன், கெட்டிலோட அம்மாவையும் அதச் செஞ்சவனோட அம்மாவையும் சேத்து அச்சு அசல் இந்த க்ரிம்ஸ்பி ஊர் மீன் துறைக்காரன் மாதிரி எப்படித் திட்டறார்?

— ...ரொம்ப சூடா இருந்துச்சு கண்ணு.

— கண்ணா!

— பழக்கம். ஊர்ல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடறது. பஸ் டிரைவரக்கூட.

— எனக்குத் தெரியும். நானும் இந்த ஊர்தான். யார் நீங்க?

— டெரி. டெரன்ஸ் ஒட்லிங். மீன் துறைக்குப் பின்னாடி தெரு. வயசு அறுபத்தொண்ணு. நான் போன ரொம்ப தூர ஊர் ஸ்கெக்னெஸ், இங்க இருந்து நாப்பது மைல். அதுவும் மழை வந்து அன்னைக்கே திரும்பிட்டோம்.

— கடவுளே. ஆறு வாரமா உங்க மூஞ்சிக்கு நேரா கரண்டியத் தூக்கிப் பிடிச்சு "இது... கரண்டி... கரண்டி"ன்னு கத்திட்டு இருந்தேன்!

— நல்லாத்தான் கத்தின கண்ணு. மனசுல நின்னுச்சு.

— போன வாரம் நீங்க "ஜன்னல்"னு ஒரே ஒரு வார்த்தை சொன்னதுக்கு மொத்த வகுப்பையும் கைதட்டச் சொன்னேன்!

— அறுபத்தொரு வருசத்துல எனக்கு விழுந்த முதல் கைதட்டு அது. வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

— சிரிப்பு வரவைக்காதீங்க, கோவத்துல இருக்கேன். இங்க பதினாலு நாற்காலி. இடம் கேட்டு நாப்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. டாக்டர்கிட்ட எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம பிள்ளையத் துணைக்குக் கூட்டிட்டுப் போற பொம்பளைங்க. இது இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கான வகுப்பு.

— எனக்கும் தெரியாது.

— என்ன தெரியாது?

— வாயில இருக்கு கண்ணு. கண்ணுல இல்ல.

— ...படிக்க வராதா?

— எழுத்து ஒவ்வொண்ணாத் தெரியும். கூட்டமா வந்தா தெரியாது.

— கீழ் மாடியில பெரியவங்களுக்கு எழுதப் படிக்கத் தனி வகுப்பே நடக்குதே! காசு கூட வாங்கறதில்ல. அங்க போயிருக்கலாமே.

— அங்க சொல்லித் தர்றது யாரு? ஷர்லி. என் பக்கத்து வீடு. மூணு மணிக்கு நான் உள்ள போனா அஞ்சு மணிக்கு ஊர்ல இருக்கற அத்தனை பப்புலயும் தெரிஞ்சிடும். இங்க பாரு, பக்கத்துல ருமேனியாக்காரி, அந்தப் பக்கம் சூடான்காரப் பையன். எல்லாரும் திக்கறாங்க, எல்லாரும் எழுத்துக் கூட்டறாங்க. நான் திக்கினா யாரு பாக்கப் போறா? வாயத் திறந்தாத்தான் மாட்டிக்குவேன். அதான் திறக்கல.

— உங்க நோட்டப் பாத்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் எழுதாம வரைஞ்சு வச்சிருந்தீங்க. லித்துவேனியாவுல எழுத்து வேற மாதிரி போலன்னு நெனச்சு, பரிதாபப்பட்டு, உங்களுக்கு மட்டும் பெரிய எழுத்துல அச்சடிச்சுக் கொடுத்தேன்.

— அவங்களுக்கும் இதே எழுத்துதான் கண்ணு. கூட வேலை பாக்கற நெச ரிமாஸ் சொன்னான். நீ பட்டமெல்லாம் வாங்கினவளாச்சே?

— வாய மூடுங்க.

— சரி கண்ணு.

— எப்படி இத்தனை வருசம் ஓட்டினீங்க? எனக்கு நம்பவே முடியல.

— அது ஒரு தனி உத்தியோகம். கண்ணாடிய வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லணும், இது ஒண்ணு. ஃபாரம் ஏதாவது நிரப்பச் சொன்னா கையில கட்டுப் போட்டுக்கணும். ஒரு வருசத்துல மூணு தடவை எனக்குச் சுளுக்கு. சாப்பாட்டுக் கடைக்குப் போனா "உனக்கு என்னவோ எனக்கும் அதே"ன்னுடணும். பேப்பர் வாங்கிப் பிரிச்சு வச்சுக்கணும், தலைகீழாப் பிடிக்காத வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. வீட்டுக்கு வர்ற கடுதாசி எல்லாம் என் பொண்டாட்டி ப்ரெண்டா படிச்சுச் சொல்லிடுவா. அவ போய்ச் சேந்து நாலு வருசமாச்சு. அதுக்கப்புறம் வந்தது எல்லாம் மேசை டிராயர்ல கிடக்கு. என் தங்கச்சி பிறந்தநாளுக்கு வெள்ளைப் பூப் போட்ட அட்டை ஒண்ணு அழகா இருக்கேன்னு வாங்கி அனுப்பினேன். "ஆழ்ந்த அனுதாபங்கள்"னு இருந்துச்சாம்.

— தங்கச்சி என்ன சொன்னாங்க?

— வயசு அறுபது ஆயிடுச்சு, சரியாத்தான் அனுப்பியிருக்கன்னா.

— ம்க்கும்...

— சிரிச்சுட்ட. பாத்தேன்.

— இல்ல. டெரி, இது விளையாட்டு இல்ல. பதிவேட்டுல ஆறு வாரமா ரிமாஸ் பெட்கஸ்னு டிக் போட்டிருக்கேன். ரிமாஸ் ஒரு நாள்கூட வரலன்னா, அவரோட ஃபேக்டரிக்கு நான் அப்படித்தான் எழுதணும். எழுதினா அவர் வேலை போயிடும். பெட்டியில தப்பு லேபிள் ஒட்டின விவகாரத்துல, இங்கிலீஷ் கத்துக்கிட்டு வந்தாத்தான் வேலைன்னு கண்டிஷன் போட்டு அனுப்பின ஆள் அவர். வெள்ளிக்கிழமை நான் ரிப்போர்ட் அனுப்பணும். பொய் எழுத மாட்டேன். எனக்கு வராது.

— தெரியும். அதுக்குத்தான் நான்... இந்தா பாரு கண்ணு, மத்தத அப்புறம் திட்டு. மொதல்ல ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்ல முடியாம உள்ளயே கிடக்கு.

— சொல்லுங்க.

— ரெண்டாவது வாரம் நீ பலகையில கெட்டில்னு எழுதின. அம்பது வருசமா அதுலதான் தண்ணி கொதிக்க வைக்கறேன். அந்த வார்த்தைய ஒரு லட்சம் தடவை சொல்லியிருப்பேன். அதுக்கு ஒரு மூஞ்சி இருக்குன்னு எனக்குத் தெரியாது. நடுவுல மூணு கம்பம் நிக்குது கண்ணு, பக்கத்துப் பக்கத்துல. கரைக்கு வர்ற பாய்மரக் கப்பல் மாதிரி. நீ அடுத்ததுக்குப் போயிட்ட. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

— ரெண்டு டி, ஒரு எல். அட, ஆமா.

— அப்புறம் நைஃப். முன்னாடி ஒரு கே, வாயே திறக்காம சும்மா உக்காந்திருக்கு! இந்த வகுப்புல நான் உக்காந்திருக்கற மாதிரி. முப்பது வருசம் மீன் வெட்டின கை இது. நான் பிடிச்ச ஒவ்வொரு கத்திக்குள்ளயும் அவன் ஒளிஞ்சிருந்திருக்கான், ஒரு பய என்கிட்ட சொல்லல.

— அதப் பாத்து மத்தவங்க எல்லாம் திட்டுவாங்க. நீங்க ஒருத்தர்தான் சந்தோசப்பட்டிருக்கீங்க.

— அன்னைக்கு வீட்டுக்கு நடந்து போறேன். ஒரு கடை மேல "ரொட்டி". அடுத்ததுல "சாவி". மருந்துக்கடை, வங்கி, வாடகைக்கு. ஊரே என்னப் பாத்துப் பேசுது கண்ணு! எவ்வளவு காலமாப் பேசிக்கிட்டு இருந்துச்சோ. பேசினவனுக்கு நான் பதில் சொல்லாமயே போயிருக்கேன். துறைச் சுவர்ல ஒரு பலகை இருக்கு, நான் சின்னப் பையனா இருந்தப்பத்துல இருந்து. அது கிட்ட போய் நின்னு ஒவ்வொண்ணாக் கூட்டினேன். அரை மணி நேரம். "ஆபத்து. ஆழமான தண்ணீர்."

— அதுக்கென்ன?

— அம்பது வருசமா அங்க உக்காந்துதான் தூண்டில் போடறேன்.

— டெரி!

— நீச்சலும் தெரியாது.

— நான் இந்தப் பட்டியல எத்தனையோ தடவை நடத்தியிருக்கேன். கெட்டில், கத்தி, ஜன்னல். எனக்கே அலுத்துப் போச்சு.

— அலுக்குமா? மொத நாள் இந்த ரூம்ல இருக்கற ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டுப் பேர் சொன்னியே. கடவுள் வந்து பேர் வச்ச மாதிரி இருந்துச்சு. யாரு கண்ணு உனக்கு அப்படி நடத்தச் சொல்லிக் குடுத்தது?

— யாரும் இல்ல. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். படிக்க லீட்ஸ் போனப்ப, எங்க குடும்பத்துலயே முதல் ஆள். ரூம்ல தனியா உக்காந்து அழுகையா வந்துச்சு. என்ன எழுதறதுன்னு தெரியாம, ரூம்ல இருந்த சாமான் பேரையெல்லாம் வரிசையா எழுதி அப்பாவுக்கு லெட்டர் போட்டேன். ஜன்னல்ல தெரிஞ்ச ஒத்த மரம் வரைக்கும்.

— அப்பா என்ன எழுதினார்?

— ஒண்ணும் எழுதல. மூணு வருசம், வாரத்துக்கு ஒரு லெட்டர். எங்க வீட்டுல ஃபோன்ல பேசற வழக்கம் இல்ல, அதனால பக்கம் பக்கமா எழுதினேன். ஒரு வரி பதில் கிடையாது. அதுக்குப் பதிலா மீன்.

— மீனா?

— லீட்ஸ் மார்க்கெட்டுக்குப் போற மீன் லாரி டிரைவர்கிட்டக் கொடுத்து விடுவார். பேப்பர்ல சுத்தின ஹேடாக் மீன். ஹாஸ்டல் வரவேற்பு மேசையில வந்து உக்காந்து நாறும். டாக்டர் வீட்டுப் பொண்ணுங்க, வக்கீல் வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டுப் போவாங்க. நேராக் கொண்டு போய்க் குப்பையில போட்டேன். ஒவ்வொரு தடவையும்.

— ஹேடாக்கக் குப்பையிலயா! இதுக்கு நான் திட்டின வார்த்தையே தேவல.

— என் லெட்டர அவர் மதிக்கலன்னு அர்த்தம். நான் பட்டம் வாங்கின அன்னைக்கும் வரல. சான்றிதழ நீட்டினேன். ஒரு தடவை பாத்துட்டு "ஃப்ரேம் நல்லா இருக்கு"ன்னார். அதோட பேச்சக் குறைச்சுக்கிட்டேன். சரி, அத விடுங்க. கதவுலதான் என் பேர் போட்டிருக்கே, அதையாவது படிச்சீங்களா?

— ஏதோ ரெண்டு வார்த்தை இருந்துச்சு. மொத நாள் படிக்க வரல. அதுக்கப்புறம் தலையக் குனிஞ்சுக்கிட்டே வருவேன், போவேன்.

— போய்ப் படிச்சுட்டு வாங்க. இப்ப.

— இரு... லி... லியான். அடுத்தது... டௌ... டௌஸ். டௌஸா? மால்கம் டௌஸ் பொண்ணா நீ! அட, கதவே சொல்லிக்கிட்டு இருந்திருக்கு!

— எங்கப்பாவத் தெரியுமா?

— தெரியுமாவா! இருபது வருசம் ஃபேக்டரியில மீன் வெட்டற ஒரே பெல்ட்ல பக்கத்துல பக்கத்துல நின்னவங்க. உங்கப்பா மாதிரி கத்தி பிடிக்க ஆள் கிடையாது. ஆனா கேன்டீன்ல ரெண்டு பேரும் ஒரு தமாஷ் பண்ணுவோம் பாரு. பலகையில இன்னைக்கு என்னன்னு எழுதிப் போட்டிருக்கும். மால்கம் என்னப் பாத்து "நீ என்ன சாப்பிடற டெரி?"ம்பான். நான் "நீ என்னவோ அதே"ம்பேன். அவன் "இல்லப்பா, நீயே சொல்லு"ம்பான். பின்னாடி வர்றவன் ஏதாவது கேக்கற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே... அப்படியே...

— என்ன நிறுத்திட்டீங்க?

— ஒண்ணுமில்ல கண்ணு.

— எங்கப்பா பேப்பர் படிப்பார். தினமும். குதிரைப் பந்தயப் பக்கம்.

— ஆமாமா. படிப்பான்.

— என்னை அப்படிப் பாக்காதீங்க.

— பாக்கல கண்ணு. கண்ணாடிய மட்டும் அவனும் அடிக்கடி மறந்துட்டு வருவான். அவ்வளவுதான்.

— ...பேச்ச மாத்தாதீங்க. லேபிள் விவகாரம். அதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? ரிமாஸ் எதுக்கு அவர் நாற்காலிய உங்களுக்குக் கொடுத்தார்?

— அவனா குடுத்தான். "எனக்கு ஷிஃப்ட் ஒத்து வரல டெரி, நீ போய் என் இடத்துல சும்மா உக்காரு, டிக் விழுந்தாப் போதும், எனக்கு ஒரு உதவியா இருக்கும்"னான். பாவம், அவனுக்கு நான் ஏதோ உதவி பண்றேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்.

— அந்தத் தப்பு லேபிள ஒட்டினது ரிமாஸ்தானே?

— இந்தா. இதப் படி.

— என்ன இது?

— மேனேஜருக்கு லெட்டர். நாலு வாரமா எழுதறேன். இல்ல, குடு, நானே படிக்கறேன். நீ படிச்சா எழுதினதுக்கு அர்த்தமே இல்ல. "ஐயா. லேபிள்... தப்பு... என்னுது. ரிமாஸ்... தப்பு... இல்ல. எனக்குப் படிக்க வராது. இப்ப... கொஞ்சம்... வரும். டெரன்ஸ் ஒட்லிங்."

— டெரி...

— மஞ்சள் லேபிள்னா கடுகு சாஸ் போட்ட மீன், பச்சைன்னா பார்ஸ்லிக் கீரை சாஸ். கலரப் பாத்துத்தான் இத்தனை வருசமும் ஒட்டினேன், ஒரு பெட்டி மாறினதில்ல. ஒரு திங்கக்கிழமை ஆபீஸ்ல இருக்கறவனுங்க ரெண்டையும் நீலமாக்கிட்டானுங்க. பாக்க அழகா இருக்காம். நூத்தம்பது பெட்டி கடுகுக்கு நான் பார்ஸ்லின்னு ஒட்டிட்டேன். கடுகு ஆகாதவங்க அதச் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, கடைக்குப் போறதுக்குள்ள பிடிச்சுட்டாங்க. யாரு ஒட்டினதுன்னு ஒருத்தன்கூடக் கேக்கல கண்ணு. அன்னைக்கு வரிசையில நாங்க ரெண்டே பேரு. ஒருத்தன் க்ரிம்ஸ்பிக்காரன், ஒருத்தன் வெளிநாட்டுக்காரன். படிக்கத் தெரியாதவன் யாரா இருப்பான்? எல்லாரும் அவனத் திரும்பிப் பாத்தாங்க. நானும் பாத்தேன். அதான் என்னால தாங்க முடியல.

— நானும்தான்.

— நீ என்ன பண்ண?

— அந்த ஃபேக்டரி எங்க காலேஜுக்கு எழுதிக் கேட்டப்ப பதில் எழுதினது நான். "லேபிள வாசிக்க முடியாத தொழிலாளிக்கு அடிப்படைப் பெயர்ச்சொல் பயிற்சி அவசியம்"னு. ரிமாஸ ஒரு தடவை கூடப் பாக்காம. பேரப் பாத்தே முடிவு பண்ணிட்டேன். லீட்ஸ்ல என்னை அப்படிப் பாத்தவங்கள இன்னும் மன்னிக்காதவ நான்.

— சரி விடு. இதக் குடுத்தா என்னை அனுப்பிடுவாங்க, பரவால்ல. எழுத்துப் பிழை இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு.

— இல்ல.

— பொய் வராதுன்னியே?

— ரெண்டு இருக்கு. திருத்த மாட்டேன். இப்படியே கொடுங்க. கூடவே என் லெட்டரும் வரும், நான் எழுதின முட்டாள்தனத்துக்கும் அந்த நீலக் கலருக்கும் சேத்து. டெரன்ஸ் ஒட்லிங்னு பதிவேட்டுல புதுசா ஒரு வரி போடறேன், அடுத்த பருவத்துக்கு. ஆனா ரிமாஸுக்கு இங்கிலீஷ் வரும்னு நான் என் காதால கேக்கணும். கேக்காம எழுத மாட்டேன். அவர் எங்க?

— கீழதான். செவ்வாய்க்கிழமையானா என்னைக் கூட்டிட்டுப் போக சைக்கிளோட வந்து நிப்பான். ஜன்னல்ல பாரு, நீலத் தொப்பி.

— ஹலோ! நீலத் தொப்பி! ஆமா, நீங்கதான்! மேல வாங்க!

— கண்ணு, அவன்கிட்ட மெதுவாப் பேசு. நான்தான் ஒட்டினேன்னு அவனுக்குத் தெரியாது. நானே சொல்லிக்கறேன்.

— வாங்க ரிமாஸ். உக்காருங்க. கடைசியில உங்க நாற்காலியில நீங்களே உக்காரப் போறீங்க.

— வணக்கம் ஆசிரியர் அவர்களே. டெரியின் கையில் கட்டு இருக்கிறது. அப்படியானால் உண்மை வெளிவந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

— இது நெசமாவே டீ கொட்டினதுப்பா! ரிமாஸ், இந்தா பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த லேபிள்...

— நீங்கள் ஒட்டியதுதான். அன்றே தெரியும். லேபிள் சுருளை மாட்டும்போது இரண்டையும் விளக்கடியில் தூக்கிப் பிடித்து நிறம் தேடினீர்கள்.

— தெரியுமா! தெரிஞ்சுக்கிட்டேவா பழிய ஏத்துக்கிட்ட? பைத்தியக்காரா!

— எனக்குக் கிடைத்த தண்டனை ஒரு வகுப்பு. உங்களுக்குக் கிடைக்கவேண்டியதும் ஒரு வகுப்புதான். ஆளை மட்டும் மாற்றிவிட்டேன். நேராகச் சொல்லியிருந்தால் நீங்கள் வந்திருக்கமாட்டீர்கள். எனக்கு உதவி என்றதும் வந்தீர்கள். இந்த முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வேறொருவர்.

— இவ்வளவு சுத்தமாப் பேசற ஆளுக்கா நான் பயிற்சி அவசியம்னு எழுதினேன்? எங்க படிச்சீங்க ரிமாஸ்?

— ஃபேக்டரி கேன்டீனில். வந்த புதிதில் எனக்கு மூன்று சொற்கள்தான் தெரியும். பெல்ட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு காகிதத்தை என் முன் வைத்து, "உனக்குப் பழகணும்ல, இதச் சத்தமா வாசி, தப்பா வாசிச்சா நான் திருத்தறேன்" என்பார். அவர் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. ஏன் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

— அட, அது மால்க...

— பொறுங்கள் டெரி. ஆசிரியர் என்னைச் சோதிக்கவேண்டுமே.

— ஆமா. சோதிக்கணும். சும்மா... இந்த ரூம்ல இருக்கற சாமான் பேரச் சொல்லுங்க.

— மேசை. விளக்கு. கெட்டில், கைப்பிடியில் விரிசல் உள்ளது. யாரோ விட்டுச்சென்ற பச்சைப் போர்வை. மூன்று கொக்கிகள், ஒரே ஒரு மேலங்கி. ஒற்றை மரம் தெரியும் ஜன்னல்.

— இந்த ஜன்னல்ல மரமே தெரியாது. இங்க போர்வையும் இல்ல. அது... அது என் ரூம். அது நான் எழுதினது.

— கதவில் உங்கள் பெயரைப் பார்த்தேன். உங்கள் முதல் கடிதம். அதை மட்டும் ஐந்து முறை வாசிக்கச் சொன்னார். எல்லாக் கடிதத்துக்கும் ஒரே வழக்கம்தான்: நான் முடித்ததும் எழுந்து போய் அன்று வந்த ஹேடாக்கிலேயே மிக நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து, தன் கையாலேயே பொட்டலம் கட்டி லாரியில் ஏற்றிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொல்வார்: "பதில் போட்டாச்சு."